இருபத்துமூன்றாம் நிமிடத்துப் பிணம்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
பூட்டிக் கிடந்த எண்ணெய் குடோனில்
என்னைக் கொன்றார்கள்.
எண்ணூற்றைம்பது ரூபாய், மதியம் பிரிஞ்சி.
யார் கொன்றது என்று கேட்டேன்.
"பொணத்துக்கு எதுக்குப்பா கதை" என்றார் மேனேஜர்.

கன்னம் தரையில், கண் பாதி திறந்திருக்கணும்.
அதனால் எல்லாவற்றையும் பார்த்தபடி செத்துக் கிடந்தேன்.
ஆர்ட் டிபார்ட்மெண்டு பியூலா
ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாய் ஒளித்துக்கொண்டிருந்தாள்:
இடித்துவிட்ட தியேட்டரின் பெயரை
காலண்டரில் அரிசி மண்டியாக.
யாரோ ஒரு ஹீரோ முதல் படத்தில் இழுத்த
ரிக்‌ஷாவின் நம்பரை கேஸ் சிலிண்டரில்.
காமெடியன் ஒருத்தன் ஆயுசுக்கும் கட்டின
பச்சைப் புள்ளி லுங்கியைக் கொடிக்கயிற்றில்.
"பாக்குறவன் பாப்பான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
என்னை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அப்போதுதான் நானும் ஒன்றை ஒளித்தேன்.

'நங்கூரம் நாகராசு' கடைசி ரீலில்
கரையொதுங்கும் உடம்பு ஹீரோவுடையது இல்லை.
காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த எங்கப்பாவுடையது.
ஆறு நொடி. முகம் மணலுக்குள்.
வின்ச்சுக் கயிறு அறுத்ததில்
மடங்க மறந்துபோன இடது சுண்டுவிரல்
ஈர மணலில் தனியாக நிமிர்ந்திருக்கும்.
டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம்
"தோ, ஒங்கப்பன்" என்பாள் அம்மா
வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல்.

என் சுண்டுவிரல் நன்றாகவே மடங்கும்.
மடக்காமல் வைத்திருந்தேன், நாற்பது நிமிடம்,
மூன்று டேக், ஒரு கட்டெறும்பு.

சனிக்கிழமை ராத்திரி கேரம் கிளப்.
பவுடர் தூவின போர்டின் மேல் போனைச் சாய்த்து
ஹமீது, தேசப்பன், பவுல்ராஜ், இன்னும் ஏழெட்டு தலை.
"கொலகாரன வுடு, கேலண்டர பாரு!"
நிறுத்து, பின்னால தள்ளு, பெருசாக்கு.
சிலிண்டர் நம்பரைப் படிக்க
என் முகத்தின் மேலேயே விரலை வைத்து இழுத்தார்கள்.
"ஒங் காது மறைக்குது மச்சான்."

பதினொன்று கண்டுபிடித்தார்கள்.
அதில் பியூலா ஒளித்தது ஏழுதான் இருக்கும்.
சுவரில் தற்செயலாய் ஓடிய பல்லிக்குக்கூட
ஒரு படம், அதில் ஒரு சீன், அதற்கொரு விசில்
கொடுத்துவிட்டான் தேசப்பன்.
பல்லி பாவம், அதுக்கும் பேட்டா கிடையாது.

"இன்னும் ஒன்னு கீது" என்றேன்.
ஃபேனைப் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள்.
இன்ஸ்பெக்டரின் செருப்பு வரைக்கும் தேடினார்கள்.
பிணத்தைத் தவிர எல்லாவற்றையும்.
ஹமீது மட்டும் ஒருமுறை என்னில் நின்று,
"டேய், ஒன் வயிறு அசையுது" என்றான்.
அதுக்குச் சிரித்ததில்
எடைமேடை கிளார்க்கைக் கைது செய்தது
யார் காதிலும் விழவில்லை.

பிறகு எல்லாரும் போனபின்
டேங்கர் லாரிகள் எண்ணூர் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்க
மூடின டீக்கடை பெஞ்சில் தனியாக ஓட்டிப் பார்த்தேன்.
இருபத்துமூன்றாம் நிமிடம்.
காது இருக்கிறது. காலண்டர் இருக்கிறது.
கை இருந்த இடத்தில்
திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை,
அதில் வெள்ளை எழுத்து:
இக்கதையில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே.

நிறுத்தினேன்.
பின்னால் தள்ளினேன்.
பெருசாக்கினேன்.

பட்டை ஏறி முடிக்காத அரை நொடியில்,
'யாவும்' என்ற சொல்லுக்கு மேலே
கொஞ்சம் நகம்.